டேக்கும் தேகமும்

"மேற்படி இசக்கிதுரை, த/பெ முத்துராமலிங்கம், இரு செவிகளிலும் நிரந்தரமான கடுங்கேளாமை உடையவர். பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லை. இவருக்குத் தெரிவிக்க வேண்டியதை எழுதிக் காட்டவும்."

மருத்துவக் குழு ஒன்று முத்திரை குத்திக் கொடுத்த சான்றிதழ் இப்படிச் சொல்கிறது. மட்டாஞ்சேரியில் இசக்கிதுரையைத் தெரிந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள். கொச்சங்காடி முனையில் லாரி திரும்பும்போதே, அது சுமையோடு வருகிறதா காலியாக வருகிறதா என்று இஞ்சின் உறுமலை வைத்துச் சொல்கிற மனிதர் அவர். படகுத்துறைப் பக்கம் ஹாரன் அடித்தால் எந்தப் படகு என்பார். சாயாக்கடையில் அரசியல் பேசுவார். எதிராளி சொல்வதைக் காதில் வாங்காமல்தான் பேசுவார் என்றாலும், அந்தக் கடையில் அது எல்லோருக்கும் பொதுவான குணம். ஆண்கள் கூப்பிட்டால் உடனே திரும்புவார். பெண்கள் கூப்பிட்டால் இரண்டாவது தடவை திரும்புவார், அல்லது திரும்ப மாட்டார். அதையும் யாரும் வியாதியாக எடுத்துக்கொண்டதில்லை. கல்யாணமான ஆண்பிள்ளை அப்படித்தான் இருப்பான் என்று விட்டுவிட்டார்கள்.

சான்றிதழைப் பற்றி இசக்கிதுரையின் கருத்தும் ஊரின் கருத்துதான். அது சுத்தப் பொய். யூனியன்காரர் ராஜப்பன் சொல்லிக் கொடுத்து, தான் நடித்து வாங்கிய பொய். அரசு நிறுவனம் ஒன்றின் பழைய கிடங்குக்குக் காவலாளி தேவைப்பட்டது. அந்த இடம் காது கேளாதோர் ஒதுக்கீட்டில் இருந்தது. காவலுக்குக் காது கேளாதவரைத் தேடும் நிர்வாகத்தைக் கண்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. உள்ளே இருந்தவை உடைந்த மேசைகளும் பெருச்சாளிகளும்தான்.

"மைக் செட்டுல கெடந்த ஆளுதானே நீ. காது கொஞ்சம் போயிருக்கும். பாக்கிய அபிநயிச்சோ," என்றார் ராஜப்பன்.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கேட்பதில் ஒன்று விட்டு ஒன்றை மட்டும் அழுத்துவது என்று இசக்கிதுரை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருந்தார். முதலில் சில சத்தங்கள் வந்தன. ஒன்றை அழுத்தினார், ஒன்றை விட்டார். பிறகு வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. விடுவதற்கும் ஒரு சத்தம் வேண்டுமே என்று காத்திருந்தார். மெஷின் பழுது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். வெளியே வந்தபோது டாக்டர் அவரை உற்றுப் பார்த்ததைத் தன் நடிப்புக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டு, அந்தக் கதையை வருடக்கணக்காகச் சொல்லி வந்தார். அவருடைய மனைவி அமுதவள்ளி சிரிக்காமல் கேட்ட ஒரே கதை அது.

காவலாளி ஆவதற்கு முன் அவர் சேவியரிடம் வேலை பார்த்தார். சேவியருக்குக் கொச்சங்காடியில் மைக் செட் கடை. பெருநாள், உற்சவம், கட்சிக் கூட்டம், எதுவானாலும் சேவியரின் பெட்டிகள் போகும். பெட்டிகளோடு இசக்கிதுரை போவார். ஹாரனுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் அது ஒலிக்கிறதா என்று சோதிப்பார்கள். வாலிப வயது முழுவதும் அவர் அப்படி நின்றார்.

கடையின் பின்பக்கம் ஒரு ரிக்கார்டிங் அறை. சுவரெல்லாம் முட்டை அட்டையும் கயிற்றுப் பாயும். துணிக்கடைத் தள்ளுபடி, குடிநீர் வராத அறிவிப்பு, வார்டுக் கூட்டம், மரணச் செய்தி, எல்லாம் அங்கேதான் பதிவாகும். சேவியர் ஒரு விசித்திரப் பிறவி. ஒரு நொடிச் சத்தத்தைத் தொண்ணூற்றாறாயிரம் தடவை அளந்து வைக்கும் தனி அட்டையைக் கம்ப்யூட்டருக்குள் செருகி, குண்டூசி விழுவதைக்கூட விடாமல் பதிவு செய்வார். பிறகு அதை ஆட்டோவின் தலையில் கட்டிய ஹாரனில் ஊருக்கு விடுவார். அந்த ஹாரனில் வயலினும் தகரமும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

"எதுக்கு முதலாளி இந்தப் பாடு?" என்று கேட்டால், "எடுக்கும்போ சுத்தமாயிட்டு எடுக்கணும். கேக்கறது பின்னெ அவங்கவங்க காதோட விதி," என்பார்.

எறணாகுளத்தில் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் தமிழ்நாட்டு ஆட்கள் நிறைந்த பிறகு, தமிழிலும் அறிவிப்பு வேண்டியிருந்தது. சேவியருக்குக் கிடைத்த தமிழ்க் குரல் அமுதவள்ளி. மட்டாஞ்சேரியிலேயே பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. தமிழ் வாசகத்தை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அவள் அதைப் பார்த்து, செங்கோட்டைக்காரன் கேட்டாலும் குற்றம் சொல்ல முடியாத தமிழில் படித்துவிடுவாள். தாளை மடித்த மறு நிமிஷம் பழைய பேச்சு வந்துவிடும். அரசாங்க வேலை கிடைத்த பிறகும், அவள் பதிவுக்குப் போகும் நாளில் இசக்கிதுரையும் கூடப் போய் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஸ்டாண்டுக்கு ஒரு கால் ஆட்டம் என்பது காரணம். அதைச் சரிசெய்ய யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த அறைக்கென்று சில வார்த்தைகள் இருந்தன. பதிவு நன்றாக வந்தால் சேவியர் கட்டைவிரலை உயர்த்துவார். சரியாக வராவிட்டால், "டேக் சுகமில்ல, ஒண்ணுகூடி," என்று இன்னொரு தடவை படிக்கச் சொல்வார். நாளடைவில் எல்லோர் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. அமுதவள்ளியே நாக்கு தடுக்கினால், "டேக்கு சுகமில்ல," என்று சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள்.

மனைவி சொல்வதில் பாதி இசக்கிதுரைக்குப் பிடிபடாது. பிடிபடாத பாதிக்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது: "சரி." குழந்தை பிறந்தபோது என்ன பெயர் வைக்கலாம் என்று அவள் சொன்னாள், அவர் சரி என்றார். பெயர் வைக்கும் அன்று குழந்தையின் காதில் தகப்பன் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். இசக்கிதுரை குனிந்து, "ஆதனா, ஆதனா, ஆதனா" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். குழந்தைக்கு ஸாதனா என்று பெயர். "ஸ" என்கிற சத்தம் அவருக்கு வந்து சேரவில்லை. ஆனால் அன்று யாரும் அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. அப்பாவுக்கு அவசரம் என்றார்கள். செல்லப் பெயராக அது நிலைத்தது. இன்றைக்கும் அவருக்கு மகள் ஆதனாதான்.

அமுதவள்ளி இறந்தது மழைக்காலத்தில், நெஞ்சு வலியில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில். அதற்கு முந்தின சில நாட்களுக்குள்தான் கடைசியாக ஒரு அறிவிப்பைப் பதிவு செய்திருந்தாள். தமிழ்த் தொழிலாளர்களுக்கான இலவச மருத்துவ முகாம். முகாம் அடுத்த ஞாயிறு. அதனால் அவள் அடக்கம் முடிந்த மறுநாளும் ஆட்டோ ஓடியது. அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்க, தெருவில் அவள் குரல் போயிற்று: "உடல்நலம் குன்றியவர்கள் தவறாமல் வந்து பயன்பெறுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." தகர ஹாரனுக்கு நுண்ணிய சத்தங்கள் தெரியாது, நடுத்தரச் சத்தத்தை மட்டும் அறைந்து விடும். அந்த நடுத்தரச் சத்தம்தான் இசக்கிதுரையின் காதுக்கு மிச்சமிருந்தது. மனைவியின் பேச்சு அவருக்கு அவ்வளவு தெளிவாக அதற்கு முன் கேட்டதில்லை.

இதெல்லாம் பழைய கதை. சேவியருக்குக் கண் மங்கி, கடையை ஒழித்துவிட்டு கும்பளங்கியில் மகன் வீட்டோடு போய்விட முடிவு செய்தபோதுதான் புதிய கதை தொடங்கியது. பெட்டிகளையெல்லாம் கொடுத்துவிட்டு, அறையிலிருந்த பழைய கம்ப்யூட்டரை மட்டும் இசக்கிதுரைக்கு ஒதுக்கி வைத்திருந்தார்.

"இதெ நீ கொண்டுபோ. அவளோட சவுண்டு மொத்தம் இதுக்குள்ள உண்டு."

"அறிவிப்புதானே முதலாளி?"

"அறிவிப்பும் உண்டு. இடையில அவ சும்மா சம்சாரிச்ச பேச்சும் உண்டு. நான் ஒண்ணையும் வெட்டிக் களையல."

வீட்டில் அதை மேசைமேல் வைத்து, பின்பக்கத்துப் பச்சைத் துளையில் சின்ன ஸ்பீக்கரைச் செருகிக் கேட்டார். கடைசிப் பதிவு அந்த மருத்துவ முகாம். வாசகம் முடிகிறது. தாள் மடங்குகிறது. மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அமுதவள்ளி மெதுவாக ஏதோ சொல்கிறாள். உடனே ஒரு ஆண் குரல், கனத்த, துல்லியமான குரல்: "சரி சரி. இன்னொண்ணு எடுத்துரலாம்."

அது அவருடைய குரல். அதில் ஒரு எழுத்துகூடக் குறையாமல் அவருக்குக் கேட்டது. அவள் சொன்னதில் கேட்டது, "...ஏக... உகமில்ல."

டேக்கு சுகமில்ல. அப்படித்தான் அன்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு பதிலும் சொல்லியிருக்கிறார். அவள் மறுபடி முதலிலிருந்து படித்திருக்கிறாள். இரண்டாவது பதிவில் ஒரு பிசிறு இல்லை. ஊர் முழுக்கப் போனது அதுதான். ஆனால் முதல் பதிவிலும் ஒரு பிசிறு இல்லையே என்பதை இசக்கிதுரை இப்போதுதான் கவனித்தார். நன்றாக வந்த டேக்கை எதற்குச் சுகமில்லை என்றாள்?

இந்த ஊரில் உடம்பு சரியில்லை என்பதற்கு ஒரு வார்த்தை உண்டு. தமிழ்நாட்டில் பிறந்தவளாக இருந்தால் உடம்பு என்றே சொல்லியிருப்பாள், குழப்பமே வந்திருக்காது. மட்டாஞ்சேரிக்காரி, "தேகசுகமில்ல" என்பாள்.

டேக்கு சுகமில்ல. தேகசுகமில்ல. இரண்டுக்கும் நடுவில் இருப்பது நாக்கின் ஒரு சிறு அசைவு. அந்த அசைவைத்தான் அவர் கேட்க வேண்டியிருந்தது.

சேவியருக்குப் போன் செய்து கேட்டார். "டேக்குன்னுதான் சொன்னா," என்று சேவியர் கேள்வி முடியுமுன் பதில் சொல்லிவிட்டார். கேள்வி முடியுமுன் வருகிற பதிலை எப்படி நம்புவது? மகளிடம் கேட்கலாம். அவள் அவருடைய மனம் நோகாத பதிலாகப் பார்த்துச் சொல்லிவிடுவாள். ஆகவே மகளிடம் விஷயத்தையே சொல்லவில்லை. தானே கேட்பது என்று முடிவு செய்தார். காது நன்றாகத்தான் இருக்கிறது, சான்றிதழ் பொய், அப்படியானால் பழுது கம்ப்யூட்டரில். இதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. தொடக்கம் மட்டும்தான் தப்பு.

கம்ப்யூட்டரிலும் பழுது இருந்தது என்பதுதான் அவருடைய துரதிர்ஷ்டம். சேவியரின் தனி அட்டை என்றைக்கோ மழைநீர் பட்டுச் செத்திருந்தது. பச்சைத் துளை வழியே வருவது மட்டமான சத்தம். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் சுஜித் வந்து பார்த்து அதைச் சொன்னான். அவனும் இங்கே வளர்ந்த தமிழன்தான். கணக்கு மலையாளத்தில், கோபம் தமிழில்.

"இரைச்சல் உண்டு அண்ணாச்சி. மவுஸ அனக்குனா ஒரு கீச்சு வருது பாருங்க. கேக்குதா?"

"கேக்குது கேக்குது," என்றார் இசக்கிதுரை. அவருக்கு மவுஸ் நகர்வது தெரிந்தது.

சுஜித்திடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அவன் ஒரு தடவை கேட்டான். "டேக்குன்னுதான் அண்ணாச்சி," என்று ஸ்குரூ டிரைவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஸ்குரூ டிரைவரில் பார்க்க என்ன இருக்கிறது என்று இசக்கிதுரை நினைத்தார்.

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். சுத்தமா வெளிய கொண்டு வா. நான் கேட்டுக்கிடுதேன்."

சுஜித் பெருமூச்சு விட்டு, கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் சின்னக் கதவு வைத்த ஒரு சதுரத் துளையைக் காட்டினான். சத்தம் அதிலிருந்து வெளிச்சமாக வரும். அந்த வெளிச்சத்தை ஒரு டப்பாவுக்குள் அனுப்பினால், டப்பா அதைத் திரும்பச் சத்தமாக்கும். எத்தனை ஆயிரம் அளவில் வருகிறது என்று டப்பாவின் முகப்பில் எண் எரியும். தொண்ணூற்றாறு எரிந்தால், சேவியர் பதிந்தது அப்படியே வருகிறது என்று அர்த்தம். டப்பா என்னிடம் இருக்கிறது, அந்த வெளிச்சம் போக ஆப்டிக்கல் கேபிள் ஒன்று வாங்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இசக்கிதுரை 'ஆப்டிக்கல்ஸ்' என்று பலகை மாட்டிய கடைக்குப் போனார். கல்லாவில் இருந்த பெண் ஷபானா பக்கத்துத் தெருக்காரி. அவர் கேட்டது அவளுக்கு விளங்கவில்லை. அவள் திருப்பிக் கேட்டது அவருக்கு விளங்கவில்லை. அவள் கேட்டதற்கெல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிடுகிற கறுப்புக் கயிறு ஒன்றோடு வீடு திரும்பினார்.

"இதுல வெளிச்சம் போகாதே அண்ணாச்சி," என்றான் சுஜித், சிரிக்காமல். பிறகு சிரித்தான். இசக்கிதுரையும் சிரித்துவிட்டு, வாங்கினது வீணாக வேண்டாம் என்று தன் கண்ணாடியை அதில் மாட்டிக்கொண்டார்.

சரியான கேபிள் வந்தது, துளைக்குள் போகவில்லை. அழுத்தினார், திருகினார், கம்ப்யூட்டரை வைதார். முனைகளில் தூசு படாமலிருக்கப் போட்ட கண்ணாடிபோன்ற சின்ன உறையைக் கழற்ற வேண்டும் என்று சுஜித் வந்து காட்டினான். கழற்றியதும் முனையில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. உள்ளங்கையில் பிடித்தால் குங்குமம் வைத்த மாதிரி ஒரு பொட்டு. மனைவியின் சத்தம் இப்படிச் சிவப்பாக வருகிறது என்பதில் இசக்கிதுரைக்கு ஒரு வேண்டாத ஆறுதல் கிடைத்தது.

டப்பாவில் நாற்பத்தெட்டு எரிந்தது. நடுவில் கம்ப்யூட்டரே எல்லாச் சத்தத்தையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றி, தன் வசதிக்குக் குறைத்து அனுப்புகிறது என்றான் சுஜித். அந்தப் பாத்திரத்தைத் தாண்டிப் போகிற, பாட்டுப் போடும் மென்பொருள் ஒன்றைப் போட வேண்டும். அதற்கு இந்தக் கிழட்டு எந்திரத்துக்குப் பொருந்துகிற டிரைவர் என்கிற பழைய நிரல் வேண்டும். தேட நாள் பிடிக்கும். இசக்கிதுரைக்கு அந்த நாற்பத்தெட்டே பாதி நிரூபணமாக இருந்தது. பாதி எண் வருகிறது, அதனால்தான் பாதி வார்த்தை கேட்கிறது. மருத்துவக் குழு பத்து வருஷம் முயன்றாலும் இவ்வளவு அழகான விளக்கம் கொடுத்திருக்காது.

திருப்பூணித்துறையில் கட்டிக்கொடுத்த மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். மேசை முழுக்க வயரைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல பாட்டுக் கேக்க இவ்வளவு செட்டப்பா அப்பா?" என்றாள்.

"ம்."

"அதுக்கு முன்னால காதுக்கு ஒரு மெஷின் வெச்சா என்ன? உங்க சர்ட்டிபிகேட்டக் காட்டுனா சும்மாவே கெடைக்கும்."

"சரி," என்றார். அவர் கேட்காமல் சொல்லும் சரி எது என்று அவளுக்குத் தெரியும். எதிரே வந்து நின்று, வாயை அகலமாகத் திறந்து மறுபடி சொன்னாள்.

"கேக்குற காதுக்கு எதுக்கு மெஷின்? அது ராஜப்பன் உண்டாக்கின சர்ட்டிபிகேட்டு. நா அந்தக் கூண்டுல நடிச்ச நடிப்பு இருக்கே..."

"அந்தக் கதை வேண்டாம்ப்பா," என்றாள் ஸாதனா. அம்மாவைப் போல அவளும் அதற்குச் சிரிப்பதில்லை.

டிரைவர் கிடைத்தது. போட்டபோது தொண்ணூற்றாறு எரிந்து எரிந்து அணைந்தது. மட்டமான கேபிள் அவ்வளவு வெளிச்சத்தைத் தாங்கவில்லை. நீளம் குறைந்த, நல்ல கேபிளாக ஒன்றை வரவழைத்தான் சுஜித். அது வந்து சேர்ந்ததும் ஒரு ஞாயிறு காலையில்தான். ஸாதனாவும் இருந்தாள். ஜன்னல் திண்டில், மீன்காரருக்காகக் காத்திருக்கும் பூனையும் இருந்தது.

டப்பாவின் முகப்பில் தொண்ணூற்றாறு எரிந்தது. அணையவில்லை.

"மொதல்ல லைன் சரியான்னு ஒரு டெஸ்ட்டு," என்றான் சுஜித். தாழ்ந்த சத்தத்தில் ஆரம்பித்து மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும் ஒற்றை ஒலி ஒன்றைப் போட்டான். படகு ஹாரன் மாதிரி தொடங்கி, ஆண் குரலாகி, சங்காகி, விசிலாகப் போய்க்கொண்டிருந்தது.

"நின்னுபோச்சு," என்றார் இசக்கிதுரை.

சுஜித் திரையைப் பார்த்தான். "எந்தா அண்ணாச்சி?"

"சத்தம் நின்னுபோச்சுடே. இந்தக் கேபிளும் போச்சா?"

 ஸாதனா முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு காதைக் கையால் பொத்தியிருந்தாள். பூனை எழுந்து, காதுகளை முன்னால் திருப்பி, ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தது. முகப்பில் தொண்ணூற்றாறு எரிந்தது.

"நிக்கலப்பா," என்றாள் ஸாதனா, வாயை அகலமாகத் திறந்து.

"இப்ப?"

"இப்பவும் உண்டு."

"இப்ப?"

"உண்டுப்பா."

வெகுநேரம் கழித்து அவள் கையை எடுத்தாள். "எனக்கும் நின்னுபோச்சு." பூனை அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படுத்தது.

 கூண்டுக்குள் ஹெட்போனோடு காத்திருந்த அந்த நீண்ட நேரம் இசக்கிதுரைக்கு நினைவுக்கு வந்தது. மெஷின் அன்று ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவர் நடித்தது ஆரம்பத்தில் சில சத்தங்களுக்கு மட்டும். மீதிக்கு நடிப்பே தேவைப்படவில்லை. தன் வாழ்க்கையில் செய்த ஒரே மோசடி என்று அவர் பெருமையாக நினைத்திருந்தது மோசடியே இல்லை.

"அந்த ஃபைலப் போடு," என்றார்.

"இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி. லெவல் ஒண்ணு சரியாக்கீட்டு அடுத்த ஞாயிறாழ்ச்ச..."

"போடுடே."

நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி, மகளின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

அமுதவள்ளியின் குரல் வந்தது. தாயின் குரலை இத்தனை வருஷம் கழித்துக் கேட்கப்போகிறோம் என்று ஸாதனாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் முதலில் சுஜித்தைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். உடல்நலம் குன்றியவர்கள் தவறாமல் வந்து பயன்பெறுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். தாள் மடங்கியது. மெதுவாக ஏதோ சொல்லப்பட்டது. "சரி சரி. இன்னொண்ணு எடுத்துரலாம்," என்றது அவருடைய குரல், கச்சிதமாக.

"என்ன சொல்லுதா உங்கம்மா?"

"எப்ப?"

"கடசீல. எனக்கு முன்னால."

"டேக்கு..." என்று சுஜித் ஆரம்பித்தான்.

"தேகசுகமில்லன்னு," என்றாள் ஸாதனா. எந்தப் பொய்யைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. "தேகசுகமில்லன்னு சொல்றாப்பா. அதுக்கு நீங்க இன்னொண்ணு..."

அங்கே நின்றுவிட்டாள். இதுவரை கம்ப்யூட்டர், கேபிள், டப்பா எல்லாம் எதற்காக வந்தன என்பது அவள் முகத்தில் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்வதை இசக்கிதுரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார்.

சுஜித் வயரைச் சுருட்டத் தொடங்கினான். அதன் மறுமுனை இன்னும் டப்பாவில் செருகியே இருந்தது.

"உங்களுக்குக் கேட்டிருக்காதுப்பா," என்று ஸாதனா சொன்னாள். எதிரே மண்டியிட்டு, உதடு தெரியச் சொன்னாள். "அம்மாவுக்கும் அது தெரியும். உங்களுக்குக் காது கேக்காது. அவ்வளவுதான்."

அது உண்மை. அதை நிரூபிக்க முத்திரை குத்திய காகிதம் அலமாரியில் இருந்தது. பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லை என்று ஒரு டாக்டர் குழுவே எழுதித் தந்திருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பொய் என்று ஊரெல்லாம் சொல்லி நம்பவைத்தவர் அவரேதான். அமுதவள்ளி அந்தக் கதைக்கு ஏன் சிரிக்கவில்லை என்பதையும், ஒரு டாக்டரைப் பாருங்கள் என்று அவள் எத்தனையோ தடவை சொன்னதையும், அதற்கெல்லாம் தான் சரி என்றதையும் அவர் யோசித்தார். அன்று எழுதிக் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும். எழுதிக் காட்டச் சொல்லி அவளிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

 கம்ப்யூட்டரை அவர் விற்கவும் இல்லை, அந்தப் பதிவை அழிக்கவும் இல்லை. அது மேசைமேல் இருக்கிறது. பின்பக்கத்தில் சிவப்புப் பொட்டு சுவரைப் பார்த்து எரிகிறது. நல்ல காது உள்ளவர்கள் யார் வந்து போட்டாலும் சேவியர் எடுத்தது எடுத்தபடி கேட்கும்.

அந்த வாரம் கிடங்கில் விடுப்புச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு, இசக்கிதுரை எறணாகுளத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே காது பரிசோதனைக்குப் பெயர் கொடுத்து, மறுபடி ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கேட்டபோது பொத்தானை அழுத்தினார். கேட்காதபோது அழுத்தவில்லை.